கான்ஸ்டான்டிநோபிள் முறையில் ஒரு பழிவாங்கல்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. சர்ச் பூசையில் பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரி வரும்போது சரியாக எனக்கு இருமல் வந்துவிடும். என் மனைவி நர்ஸ். அந்த இருமலுக்கு மருந்து கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். ஒரு கணக்கு வாத்தியாரை நான் பழிவாங்கினேன். பழிவாங்கும்போது என் முழங்கால்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அபுதாபியைச் சேர்ந்த ருவைசில் இருக்கும் ஓர் இந்தியப் பள்ளியில் நான் சரித்திர வாத்தியார். ரிஃபைனரிக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அப்பாக்கள் எல்லாம் குழாய், வால்வு, பிரஷர் என்று வாழ்கிறவர்கள். அவர்களிடம் போய் உங்கள் பிள்ளை சரித்திரம் படிக்கட்டும் என்று சொன்னால், டூட்டியில் ஹெல்மெட் வேண்டாம் என்று சொன்னதுபோல் பார்ப்பார்கள். அதே பள்ளியில் கணக்கு எடுப்பவர் தூத்துக்குடிக்காரர். குரல் நன்றாக இருக்கும், மீசையும் நன்றாக இருக்கும். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் கவியரங்கம் உண்டு. கவியரங்கம் என்றால் தலைவர் நாற்காலி அவருக்குத்தான்.

கவியரங்கத்தில் இரண்டு வழக்கங்கள். தலைவர் ஒவ்வொரு கவிஞரையும் நாலு வரியில் சீண்டி அழைப்பார். வருகிறவர் தன் கவிதைக்கு முன்னால் தலைவரை வணங்கி நாலு வரி சொல்வார். வாங்கிய சீண்டலை வட்டியோடு அந்த வணக்கத்துக்குள் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். முதல் முறையாக நான் மேடை ஏறிய வருடம், கணக்கு சார் என்னை இப்படி அழைத்தார்:

இறந்தவர் கதைசொல்லி
இருப்பவரைத் தூங்கவைப்பார்;
எழுந்து வருகிறார், ஐயோ,
எல்லோரும் தலையணை எடுங்கள்!

அரங்கம் குலுங்கியது. நான் சிரித்தபடியே மைக் முன்னால் போய் நின்றேன். திருப்பிக் கொடுக்க நாலு வரி வைத்திருந்தேன். என் சொந்தக் கவிதை இரண்டு பக்கம் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. தாள் என் கையில்தான் இருந்தது. கையில் தாள் இருந்தால் அதைப் பார்த்துப் படிக்கலாம் என்கிற அறிவுகூட அந்த நேரத்தில் என்னை விட்டுப் போயிருந்தது. முன்னால் வரிசை வரிசையாக முகங்கள். வரிசையாக முகங்களைப் பார்த்தால் இத்தனை வருடமாக என் வாய் என்ன சொல்லிப் பழகியதோ அதையே சொன்னது.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் பெயர் 'புரிஞ்சுதா சார்'. பக்காலா என்கிற மளிகைக் கடையில் தயிர் வாங்கப் போனால், "வாங்க புரிஞ்சுதா சார்." மனைவியின் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற ஆட்கள், "சிஸ்டர், நீங்க புரிஞ்சுதா சார் வீடுதானே?" வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து தலையணைப் பாட்டு கேட்கும். மலையாளிப் பிள்ளைகள்கூட அதைப் பிழையில்லாமல் பாடினார்கள். கணக்கு சார் ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோல் காட்டுவார்.

இதெல்லாம் கேலியோடு போயிருந்தால் நானும் கொஞ்ச நாள் இருமிவிட்டு விட்டிருப்பேன். போகவில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் அடுத்து சயின்சா, காமர்சா, ஹியூமானிட்டிசா என்று தீர்மானிக்கிற காலம் வந்தபோது, என் பக்கம் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தூக்கப் பாட்டு உள்ள பாடத்தை யார் எடுப்பார்கள்? அந்த வருடம் வகுப்பு எப்படியோ தப்பிப் பிழைத்தது. பிரின்ஸ்பால் டெல்லிக்காரர், நல்ல மனிதர், கெட்ட செய்தியை டீ கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

"சார்ஜி, அடுத்த வருஷமும் பசங்க வரலைன்னா செக்ஷன் கலாஸ்."

கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது. செக்ஷன் கலாஸ் என்றால் நானும் கலாஸ். விசா, வீடு, மகளின் பள்ளி எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"எதுக்கு இப்பிடி வெப்ராளப்படுதிய? சாவப்போற மாதிரி ஓடுது."

"அந்தக் கணக்கு வாத்தியான..."

"கேட்டியளா, மொதல்ல தண்ணி குடிங்க. பெறவு அவரக் கொல்லலாம்."

அவரைக் கொல்வதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் எம்.ஏ. படிக்கும்போது நான் பைத்தியமாகத் திரிந்த பைசாந்தியம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசு. நாகர்கோவிலில் எல்லோரும் சோழர்களைப் பிடித்துக்கொண்டபோது, நான் எதற்கோ அந்தப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தேன். அதிலும் அரசர்கள் எனக்கு வேண்டியிருக்கவில்லை, வாத்தியார்கள்தான் வேண்டியிருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் அந்த நகரத்தில் ஒரு பள்ளி வாத்தியார் இருந்தார். பெயர் தெரியாது. கடிதங்கள் மட்டும் கிடைத்திருக்கின்றன. பாடத்தை விட்டுவிட்டுப் பறவைகளின் பின்னால் ஓடும் பையன்களைப் பற்றிப் புலம்புகிறார். தன் மாணவர்களை இழுத்துக்கொள்ளும் அடுத்த பள்ளிக்காரர்களைப் பற்றிப் பல்லைக் கடிக்கிறார். ஆயிரம் வருடம் கழித்து ருவைஸ் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நான் கடித்ததும் அதே பல்தான்.

அவருக்கு ஒரு நூறு வருடம் கழித்து, அந்த நகரத்தில் இன்னும் நல்ல வழக்கம் ஒன்று வந்தது. தேவாலயங்களை ஒட்டிப் பள்ளிகள். பள்ளிக்கும் பள்ளிக்கும் போட்டி. இந்தப் பள்ளி மாணவனும் அந்தப் பள்ளி மாணவனும் நடுவர் முன்னால் இலக்கணத்தில் மோதுவார்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் கவிதைகள் பறக்கும். அடிக்குப் பன்னிரண்டு அசை, அளந்து வெட்டியது. எங்கள் பள்ளி சிங்கம், உங்கள் பள்ளி கழுதைக் கொட்டில் என்கிற தினுசு. இதற்கெல்லாம் இலக்கிய மரியாதை வேறு.

டிசம்பரில் பாடத்திட்டம் முடிந்து, திருப்புதல் தொடங்காத ஒரு இடைவெளியில் பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னேன். தலையணைப் பாட்டுக்கு வாய் திறக்க இருந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.

"சார், இது ரோஸ்ட் பேட்டில்தானே?"

"அதேதான். ஆனா தேவாலயத்துல."

"வாத்தியாருங்களே திட்டிக்குவாங்களா?"

"திட்டுவாங்க. கவிதையாத் திட்டினா தப்பில்ல."

வகுப்பை இரண்டு பள்ளிகளாகப் பிரித்தேன். எதிர்ப் பள்ளிக்கு ஒரு கற்பனை வாத்தியார். அவரைத் திட்டி ஆங்கிலத்தில் கவிதை எழுத வேண்டும். யார் பெயரும் வரக்கூடாது என்று விதி வைத்தேன். அந்த விதியை வைக்கும்போது நான் மிகவும் யோக்கியமாக இருந்தேன். எழுதியவற்றில் பெரும்பாலும் வழுக்கை, தொப்பை, வியர்வை. ஒன்றுதான் வேறாக இருந்தது. அந்தக் கற்பனை வாத்தியார் இரவுச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போடுகிறார். விடை வரும்வரை வீட்டில் யாரும் சோற்றில் கைவைக்கக் கூடாது. மீன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. எழுதியவள் வகுப்பிலேயே முதல் மாணவி. கணக்கு சாரின் மகள்.

படித்து முடித்ததும் எனக்குக் காது சூடானது. உடனே ஒரு திட்டமும் உதித்தது என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். உடனே உதித்தது பயம். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "கற்பனை வளம் அருமை" என்றேன்.

அவள் போகவில்லை. "சார், கற்பனை இல்ல சார்."

"எனக்குத் தெரியாதும்மா. எந்த மீனப் பத்தியும் எனக்குத் தெரியாது."

"எனக்கு ஹிஸ்டரி எடுக்கணும் சார். அப்பா சயின்ஸ்னு முடிவு பண்ணிட்டாங்க. கேட்டா, 'தூங்கறதுக்கு எதுக்கு ஃபீஸ்'னு சொல்றாங்க."

அந்த வரியை நான் வீடுவரை சுமந்துகொண்டு போனேன். அன்று சாயங்காலம் மறுபடி கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றி யோசிக்கும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஒரு வருடமாக நான் கணக்கு சாரை வீழ்த்த நாலு வரி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். மறுபடி மைக் முன்னால் நிற்பதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த நகரத்தில் வாத்தியார் போட்டிக்கு எழுந்து நின்றதே கிடையாது. அவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நின்று அடிப்பவர் மாணவர். வாத்தியாரின் மானம் மாணவரின் வாயில். பயந்தாங்கொள்ளிகளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த போர்முறை. இத்தனை வருடம் படித்தும் இது எனக்குப் பிடிபடவில்லையே!

சங்கச் செயலாளர் பக்காலா வைத்திருக்கிற காயல்பட்டினத்துப் பாய். தயிர் வாங்கப் போகிற சாக்கில் பேச்சைத் தொடங்கினேன்.

"இந்த வருசம் கவியரங்கத்துல பிள்ளைகளுக்கு ஒரு இடம் குடுத்தா என்ன பாய்?"

"நல்ல யோசனைதான். எந்தப் புள்ள?"

"தலைவரோட மகளே இருக்காளே."

"மாஷா அல்லாஹ்! சாருக்கு மனசு குளுந்து போயிரும். ஆமா, நீங்களும் உண்டுல்ல? ஜனங்க இப்பவே கேக்குறாங்க, புரிஞ்சுதா சார் வருவாரான்னு."

"வருவேன் பாய். அவளுக்கு அடுத்தாப்ல போடுங்க."

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் தூங்குவதுபோல் காட்டவில்லை. நேரே வந்து என் தோளில் கைபோட்டார்.

"என்ன வோய், எம்மவ பேர நீருதான் சொன்னீராமே! பழசெல்லாம் மனசுல வச்சிக்கிடல பாத்தீரா. பெரிய மனசு வோய் உமக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது.

அவளிடம் நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, எதையும் திருத்தவில்லை. அவளே வந்தாள்.

"சார், அந்த மீன் போயத்தத் தமிழ்ல ஆக்கிட்டேன். வாசிக்கட்டா?"

"அப்பா கோவப்படுவாரும்மா." வாத்தியார் என்கிற முறையில் இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு அவள் பின்வாங்கிவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"படட்டும் சார். வீட்ல சொன்னாக் கேக்க மாட்டாங்க. மைக்ல சொன்னாக் கேட்டுத்தானே ஆகணும்?"

வளைகுடாவில் பிறந்து ஆங்கிலத்திலேயே வளர்கிற பிள்ளைகள் நடுவில் அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்ததற்குக் காரணம் கணக்கு சார்தான். லீவு நாளிலும் விடாமல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்தவர் அவர். அவள் எங்கே நிற்பது என்பதை மட்டும் நான் ஏற்பாடு செய்தேன்.

பொங்கல் விழா சனிக்கிழமை சாயங்காலம். மத்தியானமே எனக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிட்டது. அடிக்கப்போவது வேறொருவர், அடிவாங்கப்போவது இன்னொருவர், பேதி மட்டும் எனக்கு. மனைவி பிரஷர் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து கையில் சுற்றினாள். பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

"எவ்வளவு?"

"சொன்னா இன்னும் கூடும். சட்டையப் போடுங்க."

அரங்கத்தில் தலைப்பு 'பள்ளிக்கூடம்'. ஒருவர் சாக்பீசைப் பற்றிப் பாடினார், இன்னொருவர் மணியைப் பற்றி. ரிஃபைனரி ஃபோர்மேன் ஒருவர் பிரம்பைப் பற்றிப் பாடி அழவே செய்தார். நான் மேடை நாற்காலியில் உட்கார்ந்து அவள் முறை வர இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு கணக்கு சார் எழுந்தார். குரலில் அப்படி ஒரு குழைவை நான் கேட்டதில்லை.

விடையோடு பிறந்தவள், என்
வீட்டின் விளக்கிவள்;
தடையின்றித் தமிழ்பேசும்
தங்கமே, வா வா!

கைத்தட்டலுக்கு நடுவே அவள் வந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினாள். வழக்கப்படி முதலில் தலைவருக்கு வணக்கம்.

தலைவருக்கு வணக்கம்.
எங்கள் வீட்டிலும் இவரே தலைவர்.
தட்டில் சோறு இருக்கும்,
சட்டியில் நெய்மீன் இருக்கும்,
விடை வரும்வரை
விரல் நனையக் கூடாது.
அம்மா குழம்பைச் சூடாக்குவாள்;
ஆறும், மறுபடி சூடாக்குவாள்.
கேட்டுக் கேட்டு அந்த மீனுக்கே
கணக்கு வந்துவிட்டது.
தலைவரே, அந்த மீனை
சயின்சில் சேருங்கள்.
என்னை
எனக்குப் பிடித்ததில் விடுங்கள்.

இவ்வளவையும் நிதானமாகச் சொன்னாள். பிறகு சபையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்து, என் குரலில், என் இழுப்பில், கேட்டாள்:

"புரிஞ்சுதா?"

முதலில் சிரித்தது அவளுடைய அம்மா. இரண்டாவது வரிசையில், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அது போதாமல் முன்னிருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அரங்கத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. "புரிஞ்சுதா தலைவரே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதே வார்த்தை. ஒரு வருடம் என் முதுகில் விழுந்துகொண்டிருந்த வார்த்தை இடம் மாறிப் போய் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கணக்கு சார் சிரிக்க முயன்றார். மீசை மட்டும் அசைந்தது. எனக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், இரக்கம் வந்ததா என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்சம் பசித்தது.

அவள் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பெஞ்சைப் பற்றிய தன் கவிதையையும் வாசித்துவிட்டுப் போனாள். அதற்கும் நல்ல கைத்தட்டல். அடுத்து நான். கணக்கு சாரின் கையில் எனக்கென்று எழுதிவைத்திருந்த சீட்டு இருந்தது. அதைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"அடுத்து... சார் வருவார்."

அவ்வளவுதான். எங்கள் கவியரங்க வரலாற்றில் கவிதை இல்லாமல் மேடைக்கு அழைக்கப்பட்ட ஒரே கவிஞன் நான். வெற்றி வீரனாக நடந்துபோனேன். மைக்கைப் பிடித்தேன். வழக்கம்போல் உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் இந்தமுறை தாளைப் பார்த்துப் படிக்கலாம் என்று நினைவிருந்தது. படித்தேன். சனங்கள் இன்னும் மீனையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததால் ஒரு வரியைக்கூட யாரும் கேட்கவில்லை. அதற்காக நான் யார்மீதும் வஞ்சம் வைக்கவில்லை. இருந்த வஞ்சம் அன்றைக்குச் செலவாகிவிட்டிருந்தது.

முழுதாக இல்லை. கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன்.

மார்ச்சில் பெற்றோர் சந்திப்பு. எந்தப் பிரிவு என்று அன்றுதான் முடிவாகும். முதல் மாணவி எங்கே போகிறாளோ அங்கே போகலாம் என்று நாலைந்து பிள்ளைகள் வராந்தாவில் காத்து நின்றார்கள். பிரின்ஸ்பால் கதவோரமாக இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கணக்கு சார் வந்தார். சக ஆசிரியர் என்கிற தோரணை இல்லை. பிள்ளையைப் பெற்றவராக வந்தார். சின்ன வகுப்பிலிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்த நாற்காலியில் முழங்கால் முகத்துக்கு வர உட்கார்ந்தார். நான் கேன்டீனிலிருந்து அவருக்கு ஒரு கரக் டீ வரவழைத்தேன். ஏலக்காய் மணக்க, ஆவி பறக்க வந்தது.

"அவ ஒத்தக்கால்ல நிக்கா வோய். அவ அம்மயும் அவகூடச் சேந்துட்டா. வீட்ல இப்ப என்னையத்தான் மீனுங்காங்க." பெருமூச்சு விட்டார். "சரி, இதப் படிச்சா என்ன இருக்கு? சுருக்கமாச் சொல்லும்."

சொல்லிக்கொண்டே டீயை நோக்கிக் கையை நீட்டினார்.

"இருங்க சார். பாடம் முடியட்டும்."

கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொள்கிற ஆள்தான், கணக்கு வாத்தியார் அல்லவா. மேசைக்குக் கீழே என் இரண்டு முழங்கால்களும் அடித்துக்கொண்டிருந்ததை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"ரோம்ல ஒரு பேரரசர் இருந்தார்" என்று தொடங்கினேன். "அவருக்குத் தலைநகரத்தக் கிழக்க மாத்தணும்னு ஒரு ஆச."

"வோய்..."

"கடலும் கடலும் சேருற இடத்துல ஒரு சின்ன ஊர். அதப் பாத்தார்."

"வோய், சேத்துக்கிடும். அவள ஹியூமானிட்டிஸ்லயே சேத்துக்கிடும். நான் சம்மதிச்சிட்டேன். இந்த டீயக் குடிச்சிட்டுப் போறேன்."

வராந்தாவில் யாரோ பிள்ளைகள் கூவினார்கள். பிரின்ஸ்பால் தலை கதவோரம் தெரிந்து, சிரித்து, மறைந்தது. என் விசா, வீடு எல்லாம் அந்தக் கூவலில் பிழைத்துக்கொண்டன. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"ரொம்ப சந்தோசம் சார். ஆனா மக படிக்கப்போறது என்னன்னு அப்பாவுக்குத் தெரியணும்ல. கை வச்சிராதீங்க. பள்ளிக்கூடங்களப் பத்தி இனிமேத்தான் வருது."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். டீயின் மேல் ஆடை படிந்து, சுருங்கி, ஓரத்துக்கு ஒதுங்கியது. நான் அப்போதுதான் நான்காம் சிலுவைப்போருக்கு வந்திருந்தேன்; பேரரசு முடிய இன்னும் இருநூற்றைம்பது வருடம் பாக்கி.